கரைக்காற்று

பதிவு 1 / 06:10
டைட்டன், வடகடல். கரையோர ஆழ அளவு முடிந்தது. பாய்ப்படகில் நான் மட்டும். மீத்தேன் அமைதியாக இருக்கிறது. வெளியே மைனஸ் 180. உடையைச் சூடாக்கும் மின்கலம் 15:00 வரை தாங்கும். நிலையம் நேர் தெற்கே, ஆறு கிலோமீட்டர். நிலையத் தலைவி மங்கையர்க்கரசி என் வகுப்புத் தோழி. மதிப்பெண்ணில் எனக்குப் பின்னால். அவளுக்கு நாற்காலி, எனக்குப் படகு. இதுவும் பதிவில் இருக்கட்டும்.

பதிவு 2 / 07:45
காற்று நான்கு முறை திசை மாறிவிட்டது. ஒவ்வொரு முறையும் பாயைத் திருப்பிக் கட்டினேன். முன்னேறியது எண்ணூறு மீட்டர். விரல்கள் மரத்துவிட்டன. நிலையத்தில் காலை உணவு நடக்கிறது. வானொலியில் தட்டுச் சத்தம்.

பதிவு 3 / 08:20
பாய்களைத் தைத்த ரோச் மச்சாது தூத்துக்குடிக்காரன். கடலைப் பற்றிப் பேச அவனுக்கு மட்டுமே உரிமை உண்டு என்று நினைப்பவன். அவன் அழைத்தான்:
"அண்ணாச்சி, கரைக்காத்து எடுக்கப் போவுது. பாயை எறக்கிட்டு நங்கூரத்தப் போட்டுருங்க. தணிஞ்சதும் வரலாம்."
தலைவி குறுக்கிட்டாள்: "சடகோபா, டாக்டர் பட்டத்தைக் கொஞ்சம் மடிச்சு வச்சுட்டு அவன் சொல்றதைக் கேளு."
கரைக்குத் தள்ளும் காற்று வரும்போது எவனாவது பாயை இறக்குவானா? நான் தாமதித்தால்தான் ஆழ அறிக்கை அவள் பெயரில் போகும். மூன்று பாய்களையும் ஏற்றிவிட்டேன்.

பதிவு 4 / 09:05
காற்று வந்தது. கரையிலிருந்து. படகு வடக்கே பாய்கிறது. கப்பியில் கயிறு சிக்கிக்கொண்டது, பாய் இறங்கவில்லை. ரோச்சிடம் கேட்டேன்.
"எங்கேருந்து வருதோ அதான் பேரு, அண்ணாச்சி. கரையிலேருந்து வந்தாக் கரைக்காத்து. இதக்கூடவா..."
பாதியில் நிறுத்திக்கொண்டான். சொல்லாமல் விட்ட பாதிக்காக அவனை மன்னிக்க மாட்டேன்.

பதிவு 5 / 12:30
கயிறுகளை வெட்டினேன். பாய்மரம் சரிந்து கடலில் விழுந்தது. உச்சியில் இருந்த இடங்காட்டியும் போயிற்று. கரை இருபது கிலோமீட்டருக்கு அப்பால். தலைவியும் ரோச்சும் இரண்டாம் படகில் கிளம்பிவிட்டார்கள். எந்தப் பக்கம் தேடுவது என்று கேட்டார்கள். காற்று மீண்டும் மாறியிருந்தது. கற்றுக்கொண்டேன் என்று காட்ட, ரோச்சின் முறையிலேயே சொன்னேன்: "கிழக்குக் காற்று. அது தள்ளும் பக்கம் போகிறேன்." கிழக்கிலிருந்து வருகிறது, நான் மேற்கே போகிறேன். அத்தோடு அனுப்பும் கருவி செத்தது. அவர்கள் பேசுவது மட்டும் கேட்கிறது.

பதிவு 6 / 12:34
ரோச்: "அவர் கணக்குல கெழக்குக் காத்துன்னா கெழக்க போற காத்து, அக்கா. கெழக்க திருப்புவமா?"
தலைவி: "திருப்பு. அவன் எதையும் மாத்திக்கிற ஆளில்லை."
பொத்தானை அழுத்தினேன். அழுத்திக்கொண்டே இருக்கிறேன்.

பதிவு 7 / 14:10
அவர்கள் விளக்கு தெரிந்தது. எனக்குக் கிழக்கே, மங்கலாக. விலகிப் போகிறது. கத்தினேன், கவசத்துக்குள் என் குரலே என் காதை அடைத்தது. ஆழ அறிக்கையை எவர் பெயரில் வேண்டுமானாலும் அனுப்பட்டும்.

பதிவு 8 / 14:52
விளக்கு இல்லை. கால்களில் உணர்வு இல்லை. ரோச் நிறுத்தாமல் கூப்பிடுகிறான்.
"அண்ணாச்சி, தூங்கிறாதீங்க. கிட்ட வந்துட்டோம்."
இதைக் கண்டெடுப்பவருக்கு: நான் மேற்