பதினொன்றாவது பானை

டிசம்பர் 20, சனி

போன பொங்கலுக்கு ஆன்லைனில் விற்று அனுப்பிய இருநூறு பொங்கல் பெட்டிகளில் அறுபத்திரண்டில் மண்பானை சுக்குநூறு. "பானை கேட்டோம், ஓட்டாஞ்சில்லு வந்தது, பிள்ளைகள் பாண்டி விளையாடுகிறார்கள்" என்று ஒரு புண்ணியவான் ஒற்றை நட்சத்திரம் போட்டிருந்தான். அவன் நல்லா இருக்கட்டும், எங்காவது வழுக்கி விழுந்துவிட்டு.

இன்று மச்சான் துபாயிலிருந்து பேசினார். அவரைக் கட்டிக்கொண்டு ஒன்பது வருஷம். லீவையெல்லாம் கூட்டினாலும் சேர்ந்து இருந்தது ஒரு வருஷம் தேறாது. ஃபேமிலி விசா ரெடியாம். "இந்தத் தடவை பத்துப் பானைக்கு மேல உடைஞ்சா கடையை மூடிட்டு நம்ம புள்ள ஹஃப்ஸாவைக் கூட்டிக்கிட்டு வந்துடு சபி. பத்துக்குள்ள நின்னா நான் வாயே திறக்கல."

ரோஷத்தில் "சரி" என்றுவிட்டேன். என் வாய்க்கு ஒரு பூட்டு வாங்க வேண்டும்.

துபாய் போக எனக்கு இஷ்டமில்லை. இதை இங்கே எழுதலாம், அவரிடம் எப்படிச் சொல்வது?

டிசம்பர் 23, செவ்வாய்

கடையில் என் கூட்டாளி அமிர்தம் அக்கா. அரிசியும் மஞ்சள் கொத்தும் அவள் வயலிலிருந்து, பெட்டியும் வியாபாரமும் என்னுடையது. பாய் வீட்டிலிருந்து பொங்கல் பெட்டி போகிறதென்று எங்கள் ஊர் ராஜகிரியே சிரிக்கிறது. ஆர்டர் போடுகிறவர்கள் யாரும் சிரிக்கவில்லை.

பேப்பர் வேண்டாம், வைக்கோல் வைத்துக் கட்டு என்கிறாள் அக்கா. "எங்க வீட்டுப் பானையெல்லாம் வைக்கோல் பிரிமணையிலதான் உக்காந்திருக்கு. ஒண்ணாவது உடைஞ்சிருக்கா?"

ஒரு பெட்டியைக் கட்டி மொட்டைமாடியிலிருந்து தள்ளினேன். பானைக்கு ஒன்றும் ஆகவில்லை. "இது தள்ளுறதுடி. மருதையன் வீசுவான்" என்று அக்கா அதையே தூக்கி வேப்பமரத்தைத் தாண்டி எறிந்தாள். அப்போதும் உடையவில்லை. மருதையன் அண்ணன் எங்கள் கூரியர்காரர். 'உடையும் பொருள்' என்று எழுதியிருந்தால் தனி உற்சாகத்தோடு வீசுவார்.

ஜனவரி 1, வியாழன்

முன்னூற்றுப் பத்து ஆர்டர். சிரிக்கவா, அழவா?

ஜனவரி 5, திங்கள்

மழை. மார்கழிக் கடைசியில் உனக்கு இங்கே என்ன வேலை? வைக்கோல் போர் நனைந்துவிட்டது. "மேலாகத்தான் ஈரம், உள்ள காஞ்சுதான் கெடக்கு" என்றாள் அக்கா. வேறு வைக்கோல் இல்லை, நாளை மறுநாள் வண்டி. கட்டினோம்.

உள் வைக்கோலும் கையில் சில்லென்றுதான் இருந்தது. தெரியாத மாதிரி இருந்துகொண்டேன்.

ஜனவரி 7, புதன்

எல்லாப் பெட்டியும் ஏறியாகிவிட்டது. "பானைக்கு மெத்தையெல்லாம் போட்டிருக்கியாமே பாப்பா?" என்று கேட்டுக்கொண்டே மருதையன் அண்ணன் முதல் பெட்டியை வண்டிக்குள் விட்டெறிந்தார்.

ஜனவரி 12, திங்கள்

ஐயோ.

பெங்களூரிலிருந்து ஒரு போட்டோ. பெட்டிக்குள் பானையைச் சுற்றி வெளிர் மஞ்சளாக, விரல் நீளத்துக்கு நெல் முளைத்து நிற்கிறது. "பொங்கல் பெட்டி கேட்டேன், நாற்றங்கால் வந்திருக்கு. எங்க நடுறது, பாத்ரூம்லயா?"

போனைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்கு ஓடினேன். என் மானம் போகிறது, அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். "எங்க வீட்டு ஆளு கதிரடிச்ச லட்சணம்டி! பாதி நெல்லு தாள்லயே கெடந்திருக்கு." அவள் புருஷன் நல்லக்கண்ணு அண்ணன் எதுவும் காதில் விழாதவர் போலக் கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

ஜனவரி 14, புதன்

முளை போட்டோ பத்தொன்பது. திட்டு, திட்டு, திட்டு. பிறகு மும்பையிலிருந்து ஒருவர்: "முளைப்பாரியோட அனுப்பியிருக்கீங்க! ஊர்த் திருவிழாவில பார்த்தது. வீட்டோட கும்பிட்டோம்." ஆமாம், அம்மன் கோயிலுக்கு இருட்டில் வளர்த்துத் தூக்கிப் போகும் முளைப்பாரியும் இதே வெளிறின நிறம்தான். அவர் எழுதியதை அப்படியே கடைப் பக்கத்தில் போட்டேன்.

சாயங்காலத்துக்குள் புதுப் புகார் ஆரம்பித்துவிட்டது. "எங்க பெட்டியில மட்டும் ஏன் முளைக்கல?"

அல்லாஹ், இந்த ஜனங்களை நீதான் சமாளிக்க வேண்டும்.

உடைந்த பானை: எட்டு.

ஜனவரி 15, வியாழன்

அக்கா வீட்டில் பொங்கல் சாப்பிட்டேன். இரண்டாவது கரண்டியில் ஒன்பது. நெய் ஊற்றும்போது பத்து. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

ஜனவரி 17, சனி

பதினொன்று.

கோயம்புத்தூர் ஜெயபாரதி என்பவர். "பானையில விரிசல், பொங்கல் வைக்க முடியலைங்க. ஆனா நாத்து அவ்ளோ அழகா இருந்துச்சு, பானையிலயே மண்ணு போட்டு நட்டு பால்கனியில வெச்சுட்டேன். வேற பானை அனுப்ப வேண்டாம்."

"சொல்லித் தொலைக்காதடி" என்கிறாள் அக்கா. "அந்தம்மாவே புகார் பண்ணல. உனக்கு எதுக்கு இந்த அரிச்சந்திர வேஷம்?"

சொல்லாவிட்டால் கடை பிழைக்கும். அவருக்குத் தெரியவே தெரியாது. ஆனால் ஒன்பது வருஷமாக நாங்கள் குடும்பம் நடத்தியதே போனில்தான். அந்தப் போனில் பொய் சொன்னால் அப்புறம் எங்களுக்கு என்ன இருக்கிறது?

சனியன் பிடித்த பானை.

ஜனவரி 18, ஞாயிறு

சொல்லிவிட்டேன். "பதினொண்ணு மச்சான்."

"ஹஃப்ஸாவுக்குக் கட்டில் வாங்கிட்டேன் சபி. ரோஸ் கலரு." அவ்வளவுதான், எனக்கு அழுகை வந்துவிட்டது. வர இஷ்டமில்லை என்று இத்தனை நாள் மறைத்ததையும் அழுதுகொண்டே கொட்டிவிட்டேன். "அந்தப் பதினொண்ணாவது எப்படி உடைஞ்சுச்சாம்?" என்று கேட்டார். ஜெயபாரதி அனுப்பியிருந்த பால்கனி போட்டோவை அனுப்பினேன். பார்த்துவிட்டார், நீலக் குறி விழுந்தது. அடுத்த அரை மணி நேரத்தில் நான் எந்தப் புடவையை எடுத்துப் போவது என்பதுவரை யோசித்துவிட்டேன்.

திரும்பக் கூப்பிட்டார். "பச்சை கட்டி நிக்குதே. இதைப் போய் உடைஞ்ச பானைங்கிற? இது பூந்தொட்டி. கணக்குல வராது."

"மச்சான்..."

"பத்துதான். போய்க் கடையைப் பாரு."

வைக்கும் முன் தும்மல் போல ஒரு சத்தம். அது தும்மல் இல்லை.

ஜனவரி 27, செவ்வாய்

வேண்டுமென்றே வைக்கோலை நனைத்து, முளைக்க விட்டுப் பார்த்தோம். அழுகி நாறுகிறது. அக்கா இப்போது வராத மழையைத் திட்டுகிறாள்.

பிப்ரவரி 17, செவ்வாய்

நோன்புக் கஞ்சிப் பெட்டி நூற்று நாற்பது போய்விட்டது. இதில் பானை கிடையாது, அல்ஹம்துலில்லாஹ்.

மத்தியானம் கார்கோ வேனில் அட்டைப்பெட்டிகள் வந்தன. கட்டிலைப் பிரித்து இங்கேயே அனுப்பிவிட்டார். கடல் தாண்டி வந்தும் ரோஸ் பெயின்ட்டில் ஒரு கீறல் இல்லை. என்னைவிட நன்றாகக் கட்டியிருக்கிறார். துபாயில் வைக்கோலுக்கு எங்கே போவார்? கட்டிலின் ஒவ்வொரு காலையும் தன் பழைய சட்டைகளால் சுற்றியிருந்தார்.

ஹஃப்ஸா கட்டிலில் குதித்துக்கொண்டிருக்கிறாள். சட்டைகளை இன்னும் துவைக்கப் போடவில்லை.