முள்ளெலியின் சூட்டுப்பாய்

எல்லிங்ஸ்ருட், ஒஸ்லோ
21.01.2004

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி இப்போது எப்படி? அப்பா மருந்தை ஒழுங்காகப் போடுகிறாரா? நாங்கள் இருவரும் சுகம்.

நான் தனிய இருக்கிறேன் என்று உங்கள் மருமகன் வாங்கித் தந்த முள்ளெலி செத்துப்போய்விட்டது. உள்ளங்கை அளவுப் பிராணிதானே, நீங்கள் யோசிக்க வேண்டாம். "குளிர விடாதையும். குளிர்ந்தால் நித்திரையாகும், பிறகு எழும்பாது" என்று இவர் வாங்கிய அன்றே சொன்னவர். அதற்காகவே அதன் பெட்டிக்கடியில் மின்சாரச் சூட்டுப்பாய் போட்டிருந்தோம்.

போன வெள்ளிக்கிழமை கறித்தூள் முடிந்து, மிளகாய் வறுத்தேன். புகை படிக்கட்டுப் பக்கம் போனால் மேல்வீட்டுக்காரி வந்து கதவைத் தட்டுவாள். அதனால் வறுக்க முன்னமே யன்னல்களைத் திறந்துவிட்டேன். வெளியே பனி. பிறகு, அரைக்கிற மெசினைப் போடுவதற்காகப் பாயின் பிளக்கைக் கழற்றினேன். திரும்பக் கொழுவ மறந்துபோனேன். தூளைப் போத்தலில் அடைத்துவிட்டு வந்து பார்க்க, அது சுருண்டு கிடந்தது. நெஞ்சோடு அணைத்து வெகுநேரம் வைத்திருந்தேன். எழும்பவில்லை.

"வேறொண்டு வாங்குவம்" என்றார் இவர். வேண்டாம் என்றேன்.

அங்கிருந்து யாராவது வந்தால், ஒரு கிலோ தூள் இடித்துக் கொடுத்துவிடுங்கள். இனி நான் இங்கே வறுக்கமாட்டேன்.

பெட்டியை இவர் கீழே கொண்டுபோய் எறிந்துவிட்டார். பாயை நான் கொடுக்கவில்லை. இவர் வேலைக்குப் போனபின் அதில் காலை வைத்துக்கொண்டு இருக்கிறேன். இப்போதெல்லாம் பகலில் எனக்கும் நித்திரை வருகிறது.

தபாலில் போட இவர் வாசலில் நிற்கிறார்.

உங்கள் மகள்,
சுகிர்தா