விட்டுப்போன எட்டு மாதம்

ஜனவரி 20, திங்கள்

இன்று தையல் கடையில் இரண்டு பிளவுஸுக்குக் கையைத் தப்பாக வெட்டினேன். காலையில் டாக்டர் ஷண்முகப்ரியா சொன்னதே மண்டையில் ஓடியது. கர்ப்பப்பை வாயில் எச்.பி.வி. கிருமி. பெரும்பாலும் தானாகப் போய்விடுமாம். போகாமல் தங்கினால் புற்றுநோய் வரலாமாம். எப்படி வந்தது என்றேன்.

"தாம்பத்திய உறவுலதாம்மா பரவும்."

எனக்கு என் புருஷன் நதீமை விட்டால் யார்? அப்படியென்றால் அவருக்கு — யார்?

ஜனவரி 23

அவர் குளிக்கும்போது போனை எடுத்தேன். பாஸ்வேர்டு மாறியிருக்கிறது. ஏன்?

பிப்ரவரி 2

வேளச்சேரிக்கு வாரத்தில் மூன்று நாள். ஏசி சர்வீஸாம். அதற்குப் புதுச் சட்டை எதற்கு?

"இன்னா ஜஹீ, போலீஸ் மாதிரி கேக்கற?" சிரிப்பு வேறு. பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

பிப்ரவரி 11

அடுத்த பரிசோதனைக்கு இன்றுதான் நாள். போகவில்லை. அவர் பின்னாலேயே பறக்கும் ரயிலில் வேளச்சேரி போனேன். மூன்றாவது மாடியில் தொங்கிக்கொண்டு ஏசிக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். இன்று ஒழுங்காக இருந்தால் என்றைக்கும் ஒழுங்கா?

பிப்ரவரி 18

டாக்டர் போனில் திட்டியதால் போனேன். சதைத் துணுக்கு எடுத்தார்கள். வலித்தது. இந்தக் கிருமியை என் புருஷன்தானே கொடுத்தார் என்று கேட்டேவிட்டேன்.

"யார்கிட்டேர்ந்துன்னு எந்த டெஸ்ட்டும் சொல்லாதும்மா. பத்து, இருபது வருஷம்கூட சத்தமில்லாம கிடக்கும். உங்களுக்கு முன்னாடி கல்யாணம் எதாவது?"

"இல்ல டாக்டர்."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. பத்தொன்பது வயதில் முதல் கல்யாணமாகி வாணியம்பாடியில் எட்டு மாதம் யாரோடு குடும்பம் நடத்தினேன்? பிரிந்து வந்ததும் அம்மா போட்டோவையெல்லாம் கிழித்துப் போட்டாள். அதன்பிறகு வீட்டில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. தெரிந்தேதான் நதீம் என்னைக் கட்டிக்கொண்டார், அவரும் கேட்டதில்லை. யாரும் பேசாததால் நானே நடக்கவில்லை என்று வைத்துக்கொண்டேன். சே, என்ன பொம்பளை நான்!

மார்ச் 4

புற்றுநோய் இல்லை. மாற ஆரம்பித்த செல்கள், வெட்டி எடுத்துவிடலாமாம். டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். வீட்டுக்கு வந்து நதீமிடமும், ரயிலில் பின்னால் போனது உட்பட. பாஸ்வேர்டை மாற்றியது எங்கள் பெண் சாய்மாவாம், கேம் விளையாட. அவர் முகம் சுண்டிப்போனது.

"என்னாண்ட கேட்டிருக்கலாமே ஜஹீ."

 சாப்பிடாமலே போய்ப் படுத்துவிட்டார்.

மார்ச் 22

வெட்டி எடுத்தாயிற்று. ஆறு மாதத்தில் மறுபடி பார்க்க வேண்டும். நதீம் வெளியே நாலு மணிநேரம் உட்கார்ந்திருந்தார். யாரிடமிருந்து வந்தது என்று இப்போதும் தெரியாது. தெரியப்போவதும் இல்லை.

ஏப்ரல் 12

சாய்மாவுக்கு எச்.பி.வி. தடுப்பூசி, முதல் டோஸ். பதின்மூன்று வயதாகிறது, கையைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள்: "எதுக்கும்மா இது?"

நதீம் என்னைப் பார்த்தார். நான் வாணியம்பாடியிலிருந்து ஆரம்பித்தேன்.