பதினான்காம் விதியின் இரண்டாம் பத்தி

2ஆம் தேதி

அன்புள்ள வாலுவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நீ நலமா என்று கேட்கும் வழக்கத்தை விட்டுவிட்டேன். போன சனிக்கிழமை நாற்பதாயிரம் பேரோடு சேர்ந்து நாங்களும் உன்னைத் திரையில் பார்த்தோம். கொஞ்சம் இளைத்திருக்கிறாய். வர்ணனை செய்கிறவர் “வாலூ! வாலூ!” என்று தொண்டை கிழியக் கத்தினார். மூன்று வயதில் நீ மாவு டப்பாவைத் தலையில் கவிழ்த்துக்கொண்ட அன்று எரிச்சலில் நான் வைத்த பெயர் அது. ஒரு நாள் அதைச் சட்டையில் அச்சடித்து விற்பார்கள் என்று தெரிந்திருந்தால் இன்னும் ஐந்து நிமிடம் யோசித்து வைத்திருப்பேன்.

உன் கணினி ஆட்டம் இங்கே மதியத்தில் வருகிறது. அம்மாவுக்கு அது கண்ணாடிக் கடையில் வேலை நேரம். கண் பரிசோதனைக்கான எழுத்துப் பலகையின் அடியில் கைபேசியைச் சாய்த்து வைத்துப் பார்க்கிறாள். அன்று நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர், “கடைசி வரி மறைக்குதுங்க” என்றாராம். “கடைசி வரியில என் பொண்ணு இருக்கா. கொஞ்சம் பொறுங்க” என்றாளாம் இவள். அவரும் பொறுத்திருக்கிறார். நீங்கள் கோட்டையைப் பிடித்ததும் அவர்தான் முதலில் கை தட்டினாராம். அவர் பார்வையில் எந்தக் குறையும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

உன் வக்கீல் அனுப்பிய உறை வந்து சேர்ந்தது. உள்ளே இரண்டு காகிதங்கள். நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்.

முதலாவது, உன் விசாவைப் புதுப்பிக்க, விசா அலுவலகத்துக்கு. நீ மெய்யாகவே ஒரு விளையாட்டு வீராங்கனை என்பதற்கும், வேலை முடிந்ததும் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வருவாய் என்பதற்கும் நான் உறுதி கூற வேண்டும். இரண்டாவது உங்கள் போட்டிக் கழகத்துக்கு. ஓர் அணியில் ஐந்து பேர்; அதில் வெளிநாட்டார் இருவருக்கு மேல் கூடாது. உன் அணி புதிதாக இரண்டு வெளிநாட்டாரைச் சேர்த்துவிட்டது. ஆகவே முப்பதாம் தேதிக்குள் நீ உள்ளூர்க்காரி ஆகிவிட்டால் ஆடலாம். ஆகாவிட்டால் இடம் போய்விடும். உள்ளூர்க்காரி ஆக, தொடர்ந்து மூன்று வருடம் அங்கே இருந்திருக்க வேண்டும்; வருடத்துக்கு முப்பது நாளுக்கு மேல் வெளியே போயிருக்கக் கூடாது; இங்கே நம் வீட்டின் குடியிருப்புப் பதிவேட்டில் உன் பெயர் இருக்கக் கூடாது. நீ அங்கே வசிக்கிறாய், இங்கே திரும்பி வந்து வசிக்கும் எண்ணம் இல்லை என்று குடும்பத்தார் சொல்ல வேண்டும்.

ஆக, ஒரு காகிதம் நீ வருவாய் என்று என்னைச் சொல்லச் சொல்கிறது. இன்னொன்று வரமாட்டாய் என்று சொல்லச் சொல்கிறது. இரண்டிலும் கையெழுத்து நீல மையில் இருக்க வேண்டும். அதில் மட்டும் இருவரும் ஒற்றுமை. நகராட்சியில் முப்பத்தோரு வருடம் இதே குடியிருப்புப் பதிவேட்டுக்கு வரும் விண்ணப்பங்களைச் சரிபார்த்தவன் நான். இப்படி இரண்டு தாள்கள் ஒரே மேசைக்கு வந்திருந்தால் ‘முன்னுக்குப் பின் முரண்’ என்று ஓரத்தில் எழுதித் திருப்பிவிட்டுத் தேநீர் குடிக்கப் போயிருப்பேன்.

முதல் காகிதத்துக்காக விளையாட்டுத் துறை அலுவலகம் போனேன். உன்னை வீராங்கனை என்று ஒரு வரி எழுதித் தர வேண்டும் என்று கேட்டேன். அங்கிருந்த அதிகாரி நல்ல மனிதர். “எந்த மைதானம் சார்?” என்றார். கணினி என்றேன். “விளையாட்டுன்னா வேர்க்கணுமே சார்” என்றார். சதுரங்கத்துக்குச் சான்றிதழ் தருகிறீர்களே என்றேன். “அதுல உள்ளுக்குள்ள வேர்க்கும்” என்றார். உனக்கும் உள்ளுக்குள் வேர்க்கும் என்பதற்கு மருத்துவச் சான்று கொண்டுவந்தால் பரிசீலிப்பதாகச் சொன்னார். அவர் கேலி செய்யவில்லை. அதுதான் கஷ்டம்.

கடைசியில் ஆதாரம் நம் வீட்டு அலமாரியில் கிடைத்தது. ஒன்பது வருடம் முன்பு அந்த முக்குக் கடை இணைய மையத்துக்காரருக்கு நான் ஒரு புகார்க் கடிதம் எழுதினேன், நினைவிருக்கிறதா? ‘என் மகள் பள்ளி விட்டதும் தினமும் நான்கு மணி நேரம் தங்கள் நிலையத்தில் விளையாடுகிறாள். இது அவளுக்கு ஒரு தொழிலாகவே ஆகிவிட்டது. தடுக்காவிட்டால் சட்ட நடவடிக்கை எடுப்பேன்.’ எதை எழுதினாலும் நகல் வைத்துக்கொள்கிறவன் ஆயிற்றே. உன் வக்கீலுக்கு அனுப்பினேன். தேதியும் கையொப்பமும் உள்ள இதைவிடச் சிறந்த சான்று இல்லை என்று எழுதியிருக்கிறார். உன்னைத் தடுக்க எழுதியதுதான் உனக்கு விசா வாங்கித் தரப்போகிறது.

நீ திரும்பி வர இடம் இருக்கிறது என்று காட்ட, விசா அலுவலகத்தார் உன் அறையின் புகைப்படமும் கேட்டிருக்கிறார்கள். துணி காயப்போடும் கயிற்றை அவிழ்த்துவிட்டு எடுத்தேன். உன் நாற்காலிக்கு ஒரு கை இல்லை. அது தெரியாத பக்கமாக நின்றேன். படத்தைப் பார்த்துவிட்டு அம்மா, “ஆள் இருக்கற ரூம் மாதிரியே இல்லையே” என்றாள். பிறகு அவளே போய்ப் போர்வையைக் கலைத்துவிட்டு வந்தாள். இன்னொரு முறை எடுத்தேன். அதைத்தான் இணைத்திருக்கிறேன்.

முதல் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இரண்டாவதற்கு அலுவலகம் போய்வர வேண்டும். நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அப்பா


9ஆம் தேதி

அன்புள்ள வாலுவுக்கு,

இது சுருக்கமான கடிதம்.

என் பழைய அலுவலகத்துக்குப் போயிருந்தேன். என் நாற்காலியில் இப்போது ஒரு பெண் இருக்கிறாள். என்னோடு ஏழு வருடம் வேலை பார்த்தவள். மரியாதையாக எழுந்து நின்றாள். வேலை மட்டும் ஆகவில்லை. பதினான்காம் விதிப்படி, யாருடைய பெயரை நீக்குகிறார்களோ அவரே நேரில் வர வேண்டும். இந்த விதியை வரைந்து கொடுத்தவன் நான்தான். அந்தக் காலத்தில் வீட்டைச் சுருட்டுவதற்காக வெளியூரில் இருக்கும் தங்கையின் பெயரை அண்ணன்மார் சத்தமில்லாமல் அடித்துவிடுவார்கள். அதைத் தடுக்கக் கொண்டுவந்த விதி.

ஆகவே நீ ஒரு முறை வந்து போக வேண்டியிருக்கும்.

இந்த வருடத்தில் உனக்கு மிச்சம் மூன்று நாள்தான் என்பது தெரியும். மீதி இருபத்தேழும் வேறு நாடுகளில் ஆடிய போட்டிகளிலேயே போய்விட்டன. விமானத்தில் வர இரண்டு நாள், போக இரண்டு நாள். வந்தால் மூன்று வருடமும் அழிந்து, முதல் நாளிலிருந்து எண்ணத் தொடங்குவார்கள் என்று உன் வக்கீல் சொல்கிறார். உனக்கு இப்போது இருபத்து நாலு. இருபத்தேழில் உங்கள் ஆட்டத்தில் பணி ஓய்வு கொடுத்துவிடுவார்களாமே. எனக்கு ஐம்பத்தெட்டு வரை விட்டுவைத்தார்கள்.

விதி அப்படி இருக்கும்போது நான் என்ன செய்ய முடியும், சொல். யோசித்து முடிவெடு.

உன் அறை மின்விசிறி சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. சரிசெய்துவிட்டேன். இதற்கும் மேலே சொன்னதற்கும் சம்பந்தம் இல்லை.

அன்புடன்,
அப்பா


19ஆம் தேதி

அன்புள்ள வாலுவுக்கு,

இந்தக் கடிதத்தோடு இருக்கும் நகராட்சி முத்திரையிட்ட தாளை முதலில் வக்கீலிடம் கொடுத்துவிடு. பிறகு மற்றதைப் படி. நீ வர வேண்டியதில்லை. டிக்கெட் எடுத்திருந்தால் ரத்து செய்.

ஞாயிற்றுக்கிழமை நீ அம்மாவோடு பேசியது எனக்கும் கேட்டது. நான் பக்கத்து அறையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். அதாவது கையில் வைத்திருந்தேன். “சரிம்மா, வந்துடறேன். ஆட்டம் போனாப் போகுது. அப்பா பொய் சொல்லமாட்டாரு, விதின்னா விதிதான்” என்றாய். சிரித்துக்கொண்டே சொன்னாய். அம்மா சிரிக்கவில்லை.

அன்று முழுவதும் நான் சந்தோஷமாக இருந்தேன். அதை மறைக்கப் போவதில்லை. உன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்க் கை பொருத்தி வந்தேன். தச்சர், யாராவது வருகிறார்களா என்று கேட்டார். பெண் வருகிறாள் என்றேன். மூன்று வருடமாக அந்த வாக்கியத்தை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லிப் பார்க்க நன்றாக இருந்தது.

திங்கட்கிழமை காலை அம்மா சாப்பாட்டுப் பையைக் கட்டிக்கொண்டே கேட்டாள். “ஏங்க, அந்தப் பதினாலாம் விதி. அதுல ரெண்டு பத்தி இருக்குமே? நீங்க எழுதறப்ப ராத்திரி பகலா எனக்குத்தானே படிச்சுக் காட்டினீங்க. ரெண்டாவது எங்க?”

காலப்போக்கில் விதிகள் மாறும் என்றேன்.

“உங்க விதியா? இந்தக் கட்டில இந்தச் செவத்துலேர்ந்து அந்தச் செவத்துக்கு நகத்தவே இருபது வருஷமா விடல நீங்க.”

நான் செய்தித்தாளைத் திருப்பினேன். அவள் கதவு வரை போய் நின்றாள். “எனக்கு மட்டும் அவ வரணும்னு இல்லையா?” என்று கேட்டுவிட்டுக் கடைக்குப் போய்விட்டாள்.

இரண்டாம் பத்தி இதுதான். நேரில் வர முடியாதவருக்குப் பதிலாகக் குடும்பத் தலைவர் வந்து, உறுதிமொழியை அலுவலர் முன்னிலையில் நிறுத்தாமல், உரக்க வாசிக்கலாம். உரக்க என்ற சொல்லை நான் வேண்டுமென்றேதான் சேர்த்தேன். கையெழுத்துப் போடும்போது யாருக்கும் கை நடுங்குவதில்லை. ஆனால் கூடப் பிறந்தவள் இனி இந்த வீட்டில் இல்லை என்று வாய்விட்டுப் படிக்கும்போது பல பேர் பாதியில் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அதைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருக்கும்.

முப்பத்தோரு வருடத்தில் ஒரு விண்ணப்பதாரரிடமும் நான் ஒரு பத்தியை மறைத்ததில்லை. உன்னிடம் மறைத்தேன். நீ வந்துவிடுவாய் என்று தெரிந்துதான் மறைத்தேன். இதற்கு மேல் விளக்கம் எழுதினால் அது சமாதானம் சொல்வது போல் ஆகிவிடும்.

நேற்று அலுவலகம் போனேன். அந்தப் பெண் தாளைக் கொடுத்தாள். எழுந்து நின்று வாசித்தேன். ‘மேற்படி நபர் இந்த இல்லத்தில் வசிக்கவில்லை என்றும், வசிக்கத் திரும்பி வரும் உத்தேசம்’ வரை வந்தேன். தாளை மேசையில் வைத்தேன். தண்ணீர் குடித்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டே, “சார், தப்பா நினைச்சுக்காதீங்க. நடுவுல நிறுத்தினா மறுபடியும் முதல்லேர்ந்து படிக்கணும். நீங்க போட்ட விதி” என்றாள். நன்றாகத்தான் வேலை கற்றிருக்கிறாள்.

இரண்டாவது முறை அந்த இடத்துக்குக்கூட வரவில்லை. பின்னால் நின்றவர்கள் பொறுமையாக இருந்தார்கள். ஒருவர் மட்டும், “பெரியவருக்குக் கண்ணாடி மாத்தணும் போல” என்றார்.

அவர் சொல்லி வாய் மூடவில்லை, கண்ணாடிக் கடையே வந்துவிட்டது. மதிய இடைவேளையில் அம்மா நேரே அங்கே வந்திருக்கிறாள். நான் அழைக்கவில்லை. என் பின்னால் வந்து நின்று, கடையில் வருகிறவர்களிடம் சொல்லும் அதே குரலில், “அவசரமில்ல. மேலேர்ந்து ஒவ்வொரு வரியாக் கீழ வாங்க” என்றாள்.

வந்தேன். நிறுத்தவில்லை. கடைசி வரியில் நீ இருந்தாய். முழுப் பெயரும்.

அந்த அலுவலகப் பெண் முத்திரை குத்திவிட்டுப் புதிய குடியிருப்புத் தாளைக் கொடுத்தாள். அதில் இரண்டு பெயர்கள். வீட்டுக்கு வரும் வழியில் அம்மா அதை வாங்கிப் பார்த்தாள். “நல்லாப் பெரிய எழுத்துல போட்டிருக்காங்க” என்றாள். மறுபடி கடைக்குப் போய்விட்டாள். மூன்று பேர் காத்திருந்தார்களாம்.

ஆக, இம்மாதம் நான் இரண்டு இடத்தில் உறுதி கூறியிருக்கிறேன். நீ வருவாய் என்று ஓரிடத்தில், வரமாட்டாய் என்று இன்னோரிடத்தில். பழைய வேலைக்காரனாகப் பார்த்தால் இதில் ஒன்று பொய். எது என்று நான் சரிபார்க்கப் போவதில்லை.

இன்னொரு சிறு விஷயம். பதிவேட்டில் இல்லாதவர் ஒரு வீட்டில் மூன்று நாளுக்கு மேல் தங்கினால், நகராட்சிக்கு ஏழாம் படிவம் கொடுக்க வேண்டும். இனி அது உனக்கும் பொருந்தும். நீ எப்போதாவது வந்தால் அந்த நேரத்தில் படிவத்துக்கு அலையக் கூடாது என்று நேற்றே ஒன்று வாங்கி நிரப்பிவிட்டேன். விருந்தினரின் உறவுமுறை: மகள். தங்கும் அறை: அவளுடையது. வருகையின் நோக்கம் என்ற இடத்தை அம்மா நிரப்பினாள். ‘சும்மா’ என்று எழுதியிருக்கிறாள். அலுவலக முறைப்படி அது ஏற்கத்தக்க பதில் அல்ல. நானாக இருந்தால் திருப்பியிருப்பேன். விட்டுவிட்டேன்.

தேதி மட்டும் காலியாக இருக்கிறது. அதை நீதான் போட வேண்டும். அந்தப் படிவத்துக்குக் கடைசித் தேதி என்று எதுவும் கிடையாது, கேட்டுக்கொண்டுதான் வந்தேன்.

சனிக்கிழமை மதியம் பலகைக்கு அடியில் உட்கார எனக்கும் ஒரு முக்காலி போட்டுத் தருவதாக அம்மா சொல்லியிருக்கிறாள். நிமிர்ந்து உட்கார்ந்து ஆடு. முதுகு வளைகிறது.

நன்றாக ஆடிவிட்டு வா, கண்ணு.

உன்
அப்பா