முதுகில் பூசிய களிமண்

மார்ச் 3, செவ்வாய்

மூன்றாவது கத்தியும் போயிற்று. பழுக்கச் சூடேற்றித் தண்ணீரில் இறக்கியதும் ‘டிக்’ என்று ஒரு சத்தம். பார்க்கவே வேண்டாம், விரிசல்தான். பட்டறையில் கத்தி முதுகில் களிமண் பூசுவது நான், நெருப்பு அண்ணனுடையது. “நீதான் ஓவரா சூடேத்திட்ட” என்றேன். இடுக்கியை வைத்துவிட்டு வெளியே போனான்.

மார்ச் 4

வரவில்லை. தலைவலி என்று அண்ணி போனில் சொன்னாள். அவனுக்குத் தலைவலி வந்து நான் பார்த்ததே இல்லை.

மார்ச் 6

லிஃப்ட் கம்பெனியில் வெல்டிங் வேலைக்குச் சேர்ந்துவிட்டானாம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? சொல்லியிருந்தால் மட்டும் நான் என்ன— வேண்டாம், எழுத வேண்டாம்.

இந்தக் கத்தி ஓட்டல் சமையல்காரம்மாவுக்கு. பழையது முறிந்து அவர் உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. முறியவும் கூடாது, மழுங்கவும் கூடாது என்கிறார். அதற்குத்தான் களிமண். முதுகில் தடிப்பாகப் பூசினால் அந்தப் பக்கம் மெல்ல ஆறி இளக்கமாக நிற்கும். பூசாத வாய், அதாவது வெட்டும் விளிம்பு, சட்டென்று குளிர்ந்து இறுகும்.

மார்ச் 7

நான்காவது கத்திக்கு நெருப்பையும் நானே பார்த்தேன். இரும்பில் காந்தம் ஒட்டாமல் போகும் சூடுதான் சரியான பதம்; அது வந்ததும் எடுத்துவிட்டேன். சூடு துளியும் கூடவில்லை.

டிக்.

மார்ச் 8

உடைந்த நான்கையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன். எல்லா விரிசலும் முதுகில், மண் பெயர்ந்த இடத்தில். பூசியதை ஒரு நாளாவது காயவிட வேண்டும். எனக்கு ஏது பொறுமை? அடுப்போரம் வைத்து அரைமணியில் எடுத்துக் கொடுத்தேன். உள்ளே இருந்த ஈரம் ஆவியாகி மண்ணைத் தூக்கிவிட்டது; அந்த இடம் மட்டும் தண்ணீரில் சட்டென்று குளிர்ந்து வெடித்திருக்கிறது.

“இன்னும் ஈரமா இருக்கே” என்று அண்ணன் இரண்டு தடவை சொன்னான். உன் வேலையைப் பார் என்றேன். அப்படித்தானே சொன்னேன்? அப்படியேதான்.

மார்ச் 9

புதிதாக ஒன்றுக்குப் பூசினேன். உட்கார முடியவில்லை. தெருவை நாலு சுற்று சுற்றிவிட்டு வந்து தொட்டேன். ஈரம்.

மார்ச் 10

கம்பெனி வாசலில் காத்திருந்தேன். சாப்பாட்டுப் பையோடு வந்தான். தப்பு என்மேல்தான், மண் காயவில்லை என்றேன்.

“தெரியும்” என்றான். “நீயா சொல்லணும்னு இருந்தேன்.”

கொஞ்சம் கழித்து, “இந்த வேலைய விடமாட்டேன்” என்றான். சரி என்றேன். பஸ் வந்ததும் ஏறிப் போனான்.

மார்ச் 15, ஞாயிறு

காலையில் அண்ணன் வந்து நின்றான். நான் பூசி வைத்திருந்த மண்ணை நகத்தால் சுரண்டிப் பார்த்தான். கல் மாதிரி காய்ந்திருந்தது. நெருப்பில் வைத்தான், எடுத்தான், இறக்கினான். தண்ணீர் கொதித்து அடங்கியது. வேறு சத்தமில்லை. அரம் போட்டுப் பார்த்தோம்: இறுகிய வாயில் வழுக்கியது, இளக்கமான முதுகில் கடித்தது.

கை கழுவிக்கொண்டே, “அடுத்ததுக்கு இப்பவே பூசி வை” என்றான். “வர்ற ஞாயித்துக்கிழமைக்குள்ள நல்லா காஞ்சிடும்.”