ஒன்பதாம் எண் சுண்டெலியும் உன் காலண்டரும்

என் அம்மாவுக்கு,

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. லாஸ்பேட்டை வீட்டில் உன் பீரோவை நேற்றுதான் திறந்தேன். புடவைகளுக்கு அடியில் மூன்று வருடக் காலண்டர்களைச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தாய். மாதாமாதம் சில தேதிகளில் சிவப்புப் புள்ளி. அந்தத் தேதிகளை ஒட்டி, கோணல்மாணலாக நீலக் கோடுகள். புள்ளி உன் மாதவிலக்கு. கோடு, கை ரொம்ப ஆடிய நாள். மூன்றையும் தரையில் விரித்துப் பார்த்தேன்.

இதை மற்றவர்களும் படிப்பார்கள், அம்மா. உனக்குக் கூச்சமாக இருக்கும். எனக்கும்தான். ஆனால் நான் வெட்கப்படுவது உன் புள்ளிகளுக்காக இல்லை.

உனக்குப் பார்க்கின்சன் என்று சொன்னபோது வயது நாற்பத்திரண்டு. மறு வருடமே அதே நோயை ஆராயும் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தேன். உனக்காகத்தான் என்று எல்லோரிடமும் சொன்னேன். சுண்டெலிகளுக்கு ஊசி போட்டு நோயை வரவழைப்போம். பிறகு சுழலும் உருளைமேல் ஏற்றி, எவ்வளவு நேரம் விழாமல் நிற்கிறது என்று எழுதுவோம். எல்லாமே ஆண். பெண்ணுக்கு நாளுக்கு நாள் ஹார்மோன் சுரப்பு மாறும், முடிவு குழம்பும் என்பார்கள். நானும் ஏனென்று கேட்கவில்லை.

ஒருமுறை ஒன்பதாம் எண் மட்டும் விழவே இல்லை. ஊசியைத்தான் சரியாகப் போடவில்லையோ என்று பயந்தேன். கூண்டுகளைப் பார்த்துக்கொள்ளும் ஏழுமலை அண்ணன் அதன் வாலைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“பாப்பா, இது பொட்டைம்மா! இவ்ளோ படிச்சிட்டு ஆணா பொண்ணான்னு தெரியலியா?”

“குட்டியில பிரிக்கறப்ப தப்பாப் போட்டுட்டேண்ணே. தனிக் கூண்டுல இருந்ததால தெரியல. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.”

“நான் ஏம்மா சொல்லப் போறேன்? ஆனா கெட்டிக்காரி, பாரு. எப்படிப் புடிச்சிக்கினு நிக்கிறா!”

நோட்டில் ஒன்பதாம் எண்ணுக்கு எழுதிய வரியைக் குறுக்கே அடித்தேன்.

அதே வாரம்தான் உன்னை டாக்டரிடம் அழைத்துப்போனேன். நீயே வாயைத் திறந்தாய்.

“டாக்டர், அந்த நாளு வர்றப்ப மாத்திரை கேக்க மாட்டேங்குது. கை அதிகமா ஆடுது.”

நான் குறுக்கே விழுந்தேன். “சும்மா இரும்மா. ரெண்டுத்துக்கும் சம்பந்தமே இல்ல. டாக்டர், இவங்க இப்படித்தான், எதையாவது சேத்துக்குவாங்க.”

“சரிடி, நீதான் படிச்சவ,” என்றாய். ஆடிய கையைப் பைக்கு அடியில் வைத்துக்கொண்டாய். அவரும் பழைய மாத்திரையையே எழுதினார். அதற்குப் பிறகு காலண்டரைத் தவிர யாரிடமும் நீ சொல்லவில்லை.

பெண் சுண்டெலியை எந்தக் காரணம் சொல்லி ஒதுக்கினோமோ, அதையேதான் நீ சொல்ல வந்தாய். ஈஸ்ட்ரோஜன் என்ற அந்தப் பெண் சுரப்பு மூளையை ஓரளவு காக்கலாம், அது குறையும்போது நடுக்கம் கூடலாம் என்று வேறு ஆய்வுக்கூடங்களில் சிலர் எழுதியிருந்ததை நீ போன பிறகுதான் தேடிப் படித்தேன். ஒரு எலியை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஒரு அம்மாவை வைத்தும் முடியாது. ஆனால் கேட்டிருக்கலாமே? அந்த நாட்களுக்கு மட்டும் டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்திருப்பாரோ? அந்த நாட்களில் நான் மாட்டிவிட்ட ஜாக்கெட் கொக்கியை நீயே மாட்டியிருப்பாயோ?

இன்று காலை என் ஆய்வு வழிகாட்டியிடம் ஒன்பதாம் எண்ணைப் பற்றிச் சொன்னேன். பெண் கூண்டுகளும் வேண்டும் என்றேன். “வேலை ரெண்டு மடங்காகும்மா” என்று முகம் சுளித்தார். ஆகட்டும் சார் என்றேன். அடித்த வரியைப் புதிதாக எழுதி, பக்கத்தில் ‘பெண்’ என்று போட்டிருக்கிறேன்.

இனி ஒவ்வொரு பெண் எலிக்கும் அதன் சுரப்புச் சுழற்சியைத் தினமும் பார்த்துக் குறிப்பேன், அம்மா. சிவப்புப் புள்ளி, நீலக் கோடு. நீ போட்ட மாதிரியே. ஒரு நாளும் விடமாட்டேன்.

உன்னைப் பேசவிடாத உன் மகள்,
மலர்