பந்தலில் காயப்போட்ட கிட்டார்

ஒரு வார்த்தை பேசாமல் போடிக்குப் பஸ் ஏறிய மகராசிக்கு,

அம்மா வீட்டுச் சோற்றில் சதை போட்டிருப்பாய். இங்கே உன் தம்பியின் கரண்ட் கிட்டாரைப் புதுசாக்குகிறேன் என்று கிளம்பி நான்தான் துரும்பாகிவிட்டேன்.

டிராக்டருக்கு வாங்கிய சிவப்புப் பெயிண்டை அடித்து, காயட்டும் என்று திராட்சைப் பந்தல் கம்பியில் தொங்கவிட்டேன். பக்கத்துத் தோட்டத்து ஈஸ்வரபாண்டி கொடிக்கு மயில்துத்த மருந்து அடித்தான். கிட்டார் பூராவும் நீலப் புள்ளி! "ஏலே, இதுக்கு அம்மை போட்ருக்கு. வீரபாண்டி ஆத்தாளுக்கு அக்கினிச்சட்டி நேர்ந்துக்க" என்று கேலி வேறு.

மறுபடி உப்புத்தாள், மறுபடி பெயிண்ட். வயரைப் பற்றவைத்துக் கரண்ட் கொடுத்தால் பாட்டு வரவில்லை, கிணற்று மோட்டார்போல உறுமுகிறது. சனியன்!

பின்பக்கம் மட்டும் பெயிண்ட் அடிக்கவில்லை.

நீ பஸ் ஏறிய அன்றைக்கு மிஷின் வைத்துத் தேய்த்து அழித்தபோது, உன் தம்பி ஆணியால் கீறிய பேர் அங்கே இருந்தது எனக்குத் தெரியும். அவன் செத்த பிறகு நீ தினமும் அதைத் தடவிப் பார்ப்பாய் என்பதுதான் தெரியாது.

அவன் எழுத்தின் கோணல் உனக்குத்தான் தெரியும். ஆணியைக் கூராக்கி வைத்திருக்கிறேன். வந்து நீயே கீறு.

தேய்த்துத் தேய்த்துக் கைரேகை அழிந்துபோன
உன் வீட்டுக்காரன்